வாயிற்படியைத் தாண்டும் பிராணி

என் வீட்டில், என் சோற்றைப் போட்டு, என் செலவில் நான் வளர்க்கிற நாய்க்கு மாநகராட்சியிடம் எதற்காக உரிமம் வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுள் பெரும்பாலோர் நாயை மெய்யாகவே நேசிக்கிறவர்கள். கொடுமைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவருக்கு உரிமத்தைப் பற்றி நினைவே வருவதில்லை. நேசிக்கிறவர்தாம், தம்முடைய நேசமே போதிய உத்தரவாதம் என்று நம்பி, ஆண்டுக்கு ஐம்பது ரூபாய்க் கட்டணத்தையும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் கேட்கிற அலுவலகத்தைத் தம் அன்பின் நடுவே புகுந்த அந்நியனாகக் காண்கிறார். அவருக்குத் தக்க மறுமொழி சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். ஏனென்றால் சென்னையில் தெருநாய்களைப் பற்றி நாம் நடத்திவரும் ஓயாத வழக்கில், வீட்டு நாயை வளர்ப்பவரின் கடமை என்ற முதல் ஏட்டைப் புரட்டாமலே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று நான் கருதுகிறேன்.

பிராணியை வளர்ப்பது வீட்டுக்குள் அடங்கிய சொந்த விஷயம் என்ற எண்ணம் நம்முடைய பழைய வாழ்க்கையில் இருந்ததில்லை. மாடு வைத்திருந்தவன் அந்த மாட்டின் வயிற்றுக்கும் ஜவாப்தாரியாக இருந்தான். அது அடுத்தவன் கொல்லையில் இறங்கிப் பயிரை மேய்ந்தால் பிடித்துக்கொண்டு போய்ப் பவுண்டில் அடைத்துவிடுவார்கள். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இதற்கு ஒரு முழுமையான ஒழுங்கை வகுத்தது. மாட்டுக்காரன் அபராதத்தைக் கட்ட வேண்டும். அது மட்டுமன்றிப் பவுண்டில் இருந்த நாட்களில் அந்த மாடு தின்ற தீனிக்கும் குடித்த தண்ணீருக்கும் ஆன செலவையும் செலுத்தினால்தான் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகலாம். கேட்க ஆள் வராத மாட்டை, உரிய அறிவிப்புக் கொடுத்து, குறித்த நாட்கள் கழிந்த பிறகு ஏலம் போடுவார்கள். அந்நிய அரசாங்கம் செய்த சட்டந்தான். ஆனாலும் அதில் பொதிந்திருந்த நியாயம் கிராமத்தாருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. பயிரை இழந்தவனுக்குப் பரிகாரம் உண்டு, அடைபட்ட மாட்டுக்கு ஆகாரம் உண்டு, வளர்த்தவனுக்குத் தண்டம் உண்டு என்று மூன்று தரப்பையும் ஒருசேர நினைத்துப் பார்த்த ஏற்பாடு அது. திருவாரூரில் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனின் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஜனங்களுக்கு, பிராணியின் பொருட்டு மனிதன் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

நாய் மட்டும் இந்த ஒழுங்குக்கு வெளியே நின்றது. அது பயிரை மேயாததனால் பவுண்டுக்குப் போகவில்லை. விலைபோகாததனால் ஏலத்துக்கும் வரவில்லை. நாலைந்து வீடுகளின் மிச்சச் சோற்றை உண்டு, அந்த நாலைந்து வீடுகளுக்கும் இரவுக் காவல் இருந்து, எந்த வீட்டுக்கும் முழு உரிமையாகாமல் வாழ்ந்த ஊர்நாய்க்கு ஊரே எஜமானாக இருந்தது. அன்பு அதற்கு இல்லாமற் போகவில்லை. திருவண்ணாமலைச் சீமையில் எடுத்தனூரில் உள்ள, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், கள்வரோடு பொருது மடிந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லிலே வெட்டிவைத்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறிக்கத் தோன்றிய மண்ணில், இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று தனித்தனி இனங்களைப் பேணிப் பெருக்கிய மண்ணில், நாயின்பால் சிரத்தை குறைந்திருந்தது என்று சொல்ல முடியாது. ஊர்நாய் என்ற அந்தப் பொதுவுடைமை, ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் அறிந்த சிற்றூரில் நடைபெற்றதைப் போல, அடுத்த வாயிலில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாத பட்டணத்தில் நடைபெறவில்லை என்பதுதான் சங்கடத்தின் தொடக்கம்.

சென்னைப் பட்டணம் இதற்குக் கண்டுபிடித்த முதல் பரிகாரம் கொலை. நாய் வண்டி வரும், சுருக்குக் கம்பியால் பிடிப்பார்கள், கொண்டுபோய்க் கொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. இத்தனை கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை என்பதைக் கண்டு, 1959-இல் விமானி கேப்டன் சுந்தரம் தோற்றுவித்த ப்ளூ கிராஸ் ஸ்தாபனம், கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்று 1964 முதல் வற்புறுத்தியும் தானே செய்துகாட்டியும் வந்தது. அந்த யோசனையை மாநகராட்சி ஏற்றுத் தென்சென்னையில் செயற்படுத்தத் தொடங்கியது 1996-இல். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளில் மடிந்த உயிர்களை எண்ணினால் மனம் கலங்குகிறது. கொலை பயன் தராததற்குக் காரணம் மர்மமானதன்று. ஒரு தெருவில் எத்தனை நாய் வாழும் என்பதை அந்தத் தெருவின் குப்பைத் தொட்டியும் இறைச்சிக் கடைக் கழிவும் தீர்மானிக்கின்றன. இருந்த நாய்களை அகற்றினால், ஆகாரம் இருந்த இடத்திலேயே இருப்பதனால், அக்கம்பக்கத்து நாய்கள் வந்து குடியேறுகின்றன, மிஞ்சியவை மேலும் குட்டி போடுகின்றன. வந்த நாய்களுக்கோ தடுப்பூசி கிடையாது. எனவே பழைய நாய்களைவிட அபாயமானவை.

அபாயம் என்று சொன்னேன். பிராணிகளிடம் பரிவுள்ளவர்கள் இந்தச் சொல்லை விரைந்து கடந்துவிடுகிறார்கள்; அது நியாயமன்று. வெறிநோயைப் போலக் கொடிய மரணம் வேறு சிலவே. கடித்த நாயின் உமிழ்நீரிலிருந்து புகும் நுண்கிருமி நரம்பின் வழியே மெதுவாக மூளையை நோக்கி ஏறுகிறது. வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் அந்த நிலை வந்துவிட்டால் பிறகு செய்வதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்வதற்கு எல்லாம் இருக்கிறது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுவதும், தாமதமின்றித் தடுப்பூசியைத் தொடங்கி எல்லாத் தவணைகளையும் போட்டுக்கொள்வதும், ஆழமான கடியானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்துவதும் உயிரைக் காக்கப் போதுமானவை. மிளகாய்ப் பொடியையும் சுண்ணாம்பையும் காப்பித் தூளையும் காயத்தில் அப்பிவிட்டு மந்திரிக்கப் போகும் வழக்கம் இன்றும் முற்றிலும் ஒழியவில்லை என்பது, படித்தவர்கள் மலிந்த நாட்டில், நாம் நாணத்தக்க விஷயம்.

தடுப்பூசிக்கும் நம் குன்னூர் மலைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பாரிஸில் பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்தச் சிகிச்சையைச் செய்தார். வடக்கே கசௌலியில் 1900-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. தெற்கே கடிபட்டவர் அத்தனை தூரம் போக இயலாதென்று கண்டு, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையைக் கொண்டு, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையத்தை நிறுவினார்கள். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து எடுத்த பழைய மருந்தைத் தொப்புளைச் சுற்றி 14 ஊசியாகப் போடுவார்கள் என்ற பயங்கரம் நம் பெற்றோர் தலைமுறையின் நினைவில் ஆழப் பதிந்திருந்தது. அந்த மருந்து இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான் முற்றிலும் கைவிடப்பட்டது. இப்போது புஜத்தில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. இருந்தும் அந்தப் பழைய பயத்தினாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

மனிதனுக்கு ஊசி போடுவது கரையை உயர்த்துவதைப் போன்றது. வெள்ளம் வருகிற வாயை அடைப்பது நாய்க்கு ஊசி போடுவது. ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் தடுப்பூசி போட்டு, அதை விடாமல் ஆண்டுதோறும் காத்துவந்தால், நோய் நாயிலிருந்து நாய்க்குப் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகெங்கும் வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆனால் எழுபது பங்கு என்று சொல்வதற்கு நூறு எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தெருவிலிருக்கும் நாய்களை எண்ணுகிறார்கள். கருத்தடை செய்தவற்றின் காதில் சிறிய வெட்டு அடையாளம் இடுகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் நாயை எண்ணுவதற்கு உரிமப் பதிவேடே ஏற்ற கருவி. வீட்டுக்குள் பதுங்கிய கணக்கு எத்தனை பெரிது என்று தெரியாமல் தெருவை மட்டும் எண்ணி வைத்திருப்பதில் பிரயோஜனம் பாதிதான்.

நம் வழக்கின் கண்மறைந்த இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தெருநாய் என்பது தெருவிலேயே முளைத்த ஒரு ஜாதி என்று எண்ணிக்கொள்கிறோம். நம் வீடுகளிலிருந்து அது இடையறாமல் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. வீட்டுப் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வது பாவம் என்று மறுத்துவிட்டு, அது போட்ட ஆறு குட்டிகளில் ஆண் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தைக்கருகில் விட்டுவருகிறவர் பாவத்துக்குப் பயந்த கிருஹஸ்தர்தான். வாடகை வீட்டை மாற்றும்போது, புதிய வீட்டுக்காரர் நாயைச் சம்மதிக்கவில்லை என்பதற்காக, ஏழு வயதுப் பொமரேனியனைப் பழைய வாசலிலேயே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் அப்படி ஒன்று, பூட்டிய கதவின் முன்னால் பல நாட்கள் படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தெருவின் மற்ற நாய்கள் அதைக் கடித்து விரட்டின, அதற்குத் தெருவில் பிழைக்கத் தெரியவில்லை. பனிநாட்டு நாயான ஹஸ்கியை அழகுக்காக வாங்கிச் சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் அடைத்துவைத்து, மருத்துவச் செலவு ஏறியபின் புறநகர்ச் சாலையில் இறக்கிவிடுகிறார்கள். விற்பனைக்காக இடைவிடாது ஈன வைத்து, கருப்பை ஓய்ந்ததும் தாய் நாயைத் துரத்திவிடும் வியாபாரிகளைப் பற்றி எழுதவும் கை கூசுகிறது.

இவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. மாநிலங்கள் அவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் வழியாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தைப் படித்தால், எத்தனை நுட்பமான மனம் அதற்குள் வேலை செய்திருக்கிறது என்று வியப்பாக இருக்கும். வழக்கமாகக் கட்டியே போட்டிருக்கும் நாயைத் தகுந்தபடி உலாவ விடாமலிருப்பதே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் பிணைத்துவைப்பதும் குற்றம். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவதும் குற்றம். கட்டிப்போட்ட நாயின் கால் நீட்டும் ஆசையைக்கூட நினைத்துப் பார்த்த சட்டம், முதல் முறை குற்றம் செய்தவருக்கு விதித்த அபராதமோ பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பதுக்கு மேற்படாமலும்! அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஐம்பது ரூபாய் வரம்பு உயரவில்லை. 2001-இல் வந்த நாய்க் கருத்தடை விதிகளும் வளர்ப்பு நாயின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதும், தடுப்பூசி போடுவதும், கருத்தடை செய்வதும், உரிமம் பெறுவதும் உடையவரின் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே தெளிவாக எழுதின. அந்த விதிகளின் தெருநாய்ப் பகுதியைப் பற்றி நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது. உடையவர் பகுதியைப் பற்றி வாதிட ஒருவரும் முன்வரவில்லை. 2023-இல் புதிய விதிகள் வந்த பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

நாட்டை விழிக்கச் செய்வது துயரம் ஒன்றுதான் போலும். 2024 மே மாதத்தில் ஆயிரம்விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், அங்கே காவல் வேலை பார்த்தவரின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதற்கடுத்த நாட்களில் உரிமம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் குவிந்தன. அதுவரையில் எத்தனை வீடுகள் உரிமத்தை நினைத்தே பாராமல் இருந்தன என்பதற்கு அந்தக் குவியலே சாட்சி. அதே ஆண்டு மார்ச்சில் ஒன்றிய அரசு 23 இனங்களைத் தடைசெய்யும் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. இனத்தின் மேல் குற்றத்தை ஏற்றும் வழியில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெரிய தாடையும் காவல் இயல்பும் உள்ள இனம் மிகுந்த கவனத்தைக் கேட்கிறது என்பது உண்மை. அந்தக் கவனத்தைக் கொடுக்க மாட்டாதவர் கையில் அது இருப்பதே அபாயம். அந்தப் பெயரை விலக்கினால் அதே மனிதர் வேறு பெயருள்ள நாயை வாங்குவார். பிராணியை அஜாக்கிரதையாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவு குறி வைப்பது உடையவரைத்தான். குறி அங்கேயே இருக்கட்டும்.

2025-இன் பிற்பகுதியில் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது, வேறெந்த அறிவிப்பையும் விட இதை நான் மனமார வரவேற்றேன். தோலுக்கடியில் இருக்கும் அரிசிப் பருமனுள்ள அந்தச் சில்லைக் கருவியால் தொட்டால் ஓர் எண் தெரியும், எண்ணைக் கொண்டு உடையவரைக் கண்டுபிடிக்கலாம். தொலைந்த நாய் வீடு திரும்பும். கைவிட்ட நாயும் தன்னைக் கைவிட்டவரைக் காட்டிக்கொடுக்கும்.

தெருநாய்க்குச் சோறு வைப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவர்களை ஏசுவது எனக்கு உடன்பாடில்லை. சில தெருக்களில் தடுப்பூசிக்காக நாயைத் தொட்டுப் பிடிக்க முடிகிறதென்றால் அது அவர்கள் ஏற்படுத்திய நம்பிக்கையினால்தான். ஆனால் விடியற்காலையில் செய்தித்தாள் போட வரும் பையனும், குப்பை வண்டி தள்ளிவரும் துப்புரவுப் பெண்ணும், இராத்திரி வேலை முடித்து ஆளற்ற தெருவில் வீடு திரும்பும் செவிலியும் அந்த நாய்களுக்குச் சோறு வைத்ததில்லை. எனவே அவற்றின் சிநேகம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நடைவழியிலும் பள்ளி வாயிலிலும் சோறு வைத்தால், ஆகாரத்தைக் காக்கும் நாய் அந்த வழியே போகிறவரை விரோதியாகக் கருதுவது அதன் இயல்பு. குடியிருப்போர் கூடி இடத்தையும் நேரத்தையும் வரையறுக்க வேண்டும் என்று 2023 விதிகள் சொன்னதும், 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், பிடித்த நாய்களைக் காப்பகங்களிலேயே அடைக்கும்படி முதலில் இட்ட உத்தரவைத் திருத்தியபோது, குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே உணவிடலாம் என்று கூறியதும் இதனால்தான். சோறு வைக்கிறவர் தாம் சோறு வைக்கும் நாய்களின் கருத்தடைக்கும் ஊசிக்கும் தாமே முன்நின்று ஆள் அழைத்துச் செய்துமுடிப்பாரானால், அவரை எதிர்த்துப் பேச எந்தத் தெருவிலும் எவருக்கும் வாய் வராது.

ஆக, உரிமம் எதற்கு என்று கேட்ட நண்பருக்கு என் மறுமொழி இது: உங்கள் அன்பைச் சந்தேகித்து அதைக் கேட்கவில்லை. வேலை போகலாம், வீடு மாறலாம், உடம்பு தளரலாம், நீங்களே ஒரு நாள் இல்லாமற் போகலாம். அன்று அந்தப் பிராணி யார் பொறுப்பு என்று ஊர் கேட்க ஓர் ஏடு வேண்டும். உங்கள் நாயின் சிநேகத்தை அறியாத அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் உங்கள் சொல்லைத் தவிர வேறோர் ஆதாரம் வேண்டும். மாநகராட்சிக்கும் நான் சொல்ல விரும்புவது உண்டு. ஆண்டுக்கொரு முறை கட்டணம் வாங்கிக்கொண்டு சான்று கொடுப்பதோடு பதிவேட்டை மூடிவிடக் கூடாது. திரு.வி.க. நகரிலும் நுங்கம்பாக்கத்திலும் இருப்பதைப் போன்ற செல்லப்பிராணிச் சிகிச்சை நிலையங்கள் ஏழைகள் நடந்து போகிற தூரத்தில் எங்கும் இருக்க வேண்டும். குடிசையில் வளரும் நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் சில்லும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஐயாயிரம் ரூபாய் அபராதம் அந்த நாயைத் தெருவில் இறக்கிவிடவே காரணமாகும். வீடு மாறுகிறவர், நாய் எங்கே போகிறது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். வளர்க்க இயலாதவர் வெட்கமின்றிக் கொண்டுவந்து ஒப்படைக்க ஓர் இடமும், ஒப்படைத்ததைப் பிறருக்குத் தத்துக் கொடுக்க ஓர் ஏற்பாடும் இருக்க வேண்டும். புதுப்பிக்க வராத உரிமத்தைத் தேடி ஓர் ஊழியர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, நாய் எங்கே என்று கேட்க வேண்டும்.